கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ்

வெள்ளவத்தை ஃபிளாட்டில் அலுமாரியைத் திறந்தேன். பூச்சியுருண்டை மணம் என்னைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே கட்டிலுக்கடியில் அம்மாவின் சூட்கேஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பா கோபித்துக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. தாய்வீட்டுக்குப் போக அம்மா அடுக்கிய பெட்டி அது. அப்பா திரும்பி வந்தபிறகும் அம்மா அதைப் பிரிக்கவில்லை. நான் வளர வளர என் சட்டை ஒன்றையும் அதில் மாற்றி மாற்றி வைப்பார்.

அப்பாவுக்கும் அது தெரியும். சுவருக்குப் பெயின்ற் அடிப்போமா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"கொம்மா எப்ப போவாவோ தெரியாது. பெயின்ற் என்னத்துக்கு?" என்றார்.

ஒருவரும் போகவில்லை. ஊத்தைச் சுவர்களுக்குள் இருபத்தொன்பது வருஷம் கழிந்தது.

அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். சேலைகள் மடிப்போடு கிழிந்திருந்தன.

"உண்மையாப் போக நினைச்சனீங்களா அம்மா?"

"இல்லைப் பிள்ளை. அவர் விட்டிட்டுப் போயிடுவார் எண்டுதான் பயந்தனான்."

"அப்பாட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவர் கேக்கேல்லை" என்றார்.

இப்போது அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. அலுமாரியை மூடியபோது பின்னாலிருந்து கேட்டார்.

"அப்பா இன்னும் வரேல்லையே?"

"வருவார் அம்மா."

அம்மா என்னை நம்பவில்லை.