சமுதீதப் பிரயோசனம்

என் தங்கைக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று பிரசவ வார்டிலேயே சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக அன்று தோன்றவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஞானப்பெற்றோராக நிற்கப்போகிறவர்களுக்கு இரண்டு சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு உண்டு. கோயிலை ஒட்டிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். வகுப்பு எடுத்தவர் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த கன்னியாஸ்திரி. முப்பது வயதுகூட இருக்காது. முதல் வாரம் ஞானப்பெற்றோரின் கடமைகளைச் சொன்னார். இரண்டாவது வாரம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, விசுவாசப் பிரமாணத்தில் மனதுக்கு நெருக்கமான ஒரு வரியையும் அது ஏன் நெருக்கம் என்பதையும் எழுதச் சொன்னார்.

விசுவாசப் பிரமாணம் என்பது ஞாயிறு பூசையில் நாங்கள் எழுந்து நின்று சொல்வது. கடவுள், இயேசு, திருச்சபை, மறுமை என்று நாங்கள் நம்புகிறவற்றின் வரிசை. ஒருவர் கிறிஸ்தவரா என்பதைப் பிரித்துச் சொல்வது அதுதான் என்று படித்திருக்கிறேன்.

மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். சிறு வயதில் எங்கள் வீட்டு மாலைச் செபம் பழைய தமிழில் இருக்கும். அம்மா சொல்ல நாங்கள் கூடவே சொல்வோம். அதில் ‘சமுதாயப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்’ என்று ஒரு வரி வரும். சமுதாயத்துக்குப் பிரயோசனமாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மற்ற வரிகளெல்லாம் எனக்கு எட்டாத இடங்களில், எட்டாத காலங்களில் நடப்பவை. இது ஒன்றுதான் எங்கள் திண்டுக்கல்லில் நடக்கக்கூடியது. நான் ரத்தம் கொடுப்பது, தெருக்குழாய் உடைந்தால் மனு எழுதுவது, நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனை நிலையத்துக்கு வரும் விவசாயிகளுக்கு முடிவுத்தாளை வரிவரியாக விளக்கிச் சொல்வது எல்லாமே அந்த வரியின் பேரில்தான். இப்படி அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

சிஸ்டர் என் தாளை இரண்டு முறை படித்தார்.

“சார், இந்த வரியை எங்கிருந்துங்க எடுத்தீங்க?”

“பிரமாணத்துல இருந்துதான் சிஸ்டர்.”

“அப்படி ஒரு வரி இல்லீங்களே.”

நான் எழுந்து நின்று பழைய செபத்தை முதலிலிருந்து சொன்னேன். அந்த வரிக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்த பூக்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“சமுதாயம் இல்ல சார். சமுதீதம். தீ, தீ!”

“எங்கண்ணே தீ?” என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“சமுதீதம்னா என்னங்க அர்த்தம்?” என்று சிஸ்டர் கேட்டார்.

“அது யாருக்குத் தெரியும் சிஸ்டர்? அம்பது வருசமாச் சொல்றோம்ல, அம்புட்டுத்தான்” என்றார் பூக்கடைக்காரர்.

சிஸ்டர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு விளக்கினார். இப்போதைய செபத்தில் ‘புனிதர்களுடைய சமூக உறவு’ என்று வருகிறதே, அதுதான் இது. உலகத்தில் இருக்கிறவர்கள், செத்தபின் பாவக்கறை கழிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கிறவர்கள், மோட்சத்தில் இருக்கிறவர்கள், மூன்று கூட்டமும் ஒரே குடும்பம். ஒருவருடைய செபமும் நன்மையும் மற்றவருக்குப் போய்ச் சேரும்.

கோயிலில் இத்தனை வருடம் ‘சமூக உறவு’ என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன். சமுதாயம் என்பதை மாற்றிச் சமூகம் என்று போட்டிருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். புதிய சொல் பழைய தவறுக்குச் சாட்சியாக வந்து நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “நீங்க எழுதுனதும் நல்ல விசயந்தானுங்க சார். ஆனா அது நல்ல பழக்கமுங்க. கோட்பாடு இல்லீங்க.”

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய செபப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பூக்கடைக்காரர் சொன்னதுதான் சரி. இரண்டே எழுத்து வித்தியாசம். அகராதியில் பார்த்தேன், அந்த வடிவத்தில் அந்தச் சொல் கிடைக்கவில்லை.

தவறாகக் கேட்டதைத் திருத்திக்கொண்டு போயிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியை உறுதியாக நம்பியதால் மற்ற வரிகளை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு தாளில் எல்லா வரிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’ அல்லது ‘தெரியவில்லை’ என்று குறித்தேன். திருச்சபை: ஆம். பாவ மன்னிப்பு: ஆம். புனிதர்களின் உறவு: தெரியவில்லை. செத்த உடல் எழுவது: தெரியவில்லை. முடிவில்லாத வாழ்வு: தெரியவில்லை. ஆய்வகத்தில் கருவியில் பார்க்காத எண்ணை நான் எழுதுவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேச முடியாத ஒரு குழந்தைக்காக நின்று ‘நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டியவன் நான்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் இதை என்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். வடமதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. ஆடியில் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறவர்கள்.

“உங்க சாமிக்கு இந்த மாதிரி எதை நம்பணும்னு வரிசை இருக்கா?” என்று கேட்டேன்.

“வரிசையா? பந்தியிலதான் வரிசை.”

“கேலி பண்ணாதீங்க. எது இல்லாட்டி அது சாமி கும்பிடுறதே ஆகாது?”

அவர் யோசித்தார். “கெடா குலுக்கணும். அய்யலூர்ச் சந்தையில பாத்துப் பாத்துத்தான் புடிப்போம். தண்ணி தெளிச்சா ஒடம்பச் சிலுப்பிக் குலுக்கணும். குலுக்குனாச் சாமி ஒத்துக்கிருச்சு. இல்லையா, குலுக்குற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்.”

“சாமிதான் குலுக்க வைக்குதுன்னு நீங்க நம்புறீங்களா?”

“நான் என்னத்தக் கண்டேன்? ஈரம் பட்டா எந்த ஆடுதான் குலுக்காது?”

“அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?”

“அதுக்கு நிக்காம எப்புடிங்க வெட்டுறது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. பங்காளி அத்தன பேரும் வந்திருக்கணும். ஒருத்தன் மொறச்சுக்கிட்டு வரலேன்னாலும் கும்புட முடியாது” என்றார்.

தெளிவு வேண்டித்தான் அவரிடம் கேட்டேன். நம்பாமல் நிற்கலாம், ஆனால் வராமல் இருக்கக் கூடாது என்கிறார் அவர். எங்களுக்கோ நிற்பவன் நம்பியிருக்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானது என்று சாயங்காலம் வரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். வேறு யாரையாவது நிறுத்திக்கொள் என்று சொன்னபோது அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“ஏன், ஒனக்கும் எனக்கும் எதுவும் சண்டையா?”

நான் விவரத்தைச் சொன்னேன். தீயையும் தாவையும் சொன்னேன். தாளையும் காட்டினேன்.

“இத எடுத்துட்டுப் போயி எங்க மாமியார்ட்டக் காட்டவா? பதினோரு வருசம் என்னைய என்ன பேச்சுப் பேசுனாங்கன்னு ஒனக்குத் தெரியும். இப்பப் புள்ள பெறந்திருக்கு, தாய்மாமனே ஒதுங்கிட்டான்னா, அதுல என்னமோ இருக்குன்னுதான் பேசுவாங்க.”

“நான் அதுக்காக ஒதுங்கலை.”

“அது எனக்குத் தெரியும். அவுங்களுக்கு எப்புடித் தெரியும்? எத்தன வருசம் என்னைய ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக் கூட்டிட்டுப் போன. எதையாச்சும் எழுதி வச்சுக்கிட்டா போன? ஒன்னைய மாதிரி ஒருத்தன் எம்பிள்ளைக்கு இருக்கணும்னுதான் கேட்டேன்.”

எந்தத் தவறான வரியின்படி நான் நடந்தேனோ, அதற்காகத்தான் அவள் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த வரி பிரமாணத்தில் இல்லை. அப்படியானால் என்னைத் தேர்ந்தெடுத்ததும் தவறா? அவளிடம் இதைக் கேட்க முடியாது. எழுந்து வரும்போது, “அண்ணே, மாட்டேன்னா ஒழுங்கா மாட்டேன்னு சொல்லிரு. இழுக்காத” என்றாள்.

வியாழக்கிழமை பங்குச் சாமியாரைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் கடைசி வரை கேட்டார்.

“உங்களுக்கு இருக்கிறது சந்தேகமா, மறுப்பா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் ஃபாதர்?”

“செத்தவங்க எந்திரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுதுன்னா அது மறுப்பு. அப்ப நீங்க நிக்கக் கூடாது. எந்திரிப்பாங்களான்னு தெரியலேன்னா சந்தேகம். அப்ப நிக்கலாம். சனிக்கிழமைக்குள்ள எது என்னன்னு சொல்லுங்க.”

இரண்டு நாள் இதையே யோசித்தேன். நிச்சயமாகத் தெரியுமா என்றால், இல்லை. ஆனால் இது சந்தேகம்தான் என்பதாவது நிச்சயமா என்று கேட்டுக்கொண்டால், அதுவும் இல்லை. சனிக்கிழமை மாலை போனபோது சாமியார் நத்தம் பக்கம் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார். பங்கு வீட்டில் சமைக்கும் அம்மாவிடம், “நாளைக்கு வாரேன்னு சொல்லிருங்க” என்றேன்.

“நாளைக்கு எல்லாருந்தான் வாராங்க சார்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றோம். தங்கை குழந்தையை வைத்திருந்தாள். அவளுடைய கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமியார் எங்களுக்கு எதிரே. நான் ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தேன். ‘ஆம்’ என்று குறித்தவற்றுக்குச் சத்தமாகப் பதில் சொல்வது. ‘தெரியவில்லை’ என்பவற்றுக்கு வாயை மூடிக்கொள்வது. மற்றவர்களின் குரலில் அது தெரியாது.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்ட கேள்விகளுக்குத் தடையில்லாமல் பதில் சொன்னேன். தந்தையாகிய கடவுளைப் பற்றி, மகனாகிய இயேசுவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறகு தூய ஆவி, திருச்சபை, புனிதர்களின் உறவு, பாவ மன்னிப்பு, உடலின் உயிர்ப்பு, நிலைவாழ்வு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, இவற்றை நம்புகிறீர்களா என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

ஆறுக்கும் சேர்த்து ஒரு பதில்தான். எத்தனையோ ஞானஸ்நானங்களுக்குப் போயிருக்கிறேன். இதைக் கவனித்ததே இல்லை. எல்லாரும் “நம்புகிறேன்” என்றார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். சாமியார் தண்ணீரைத் தொடாமல் என்னைப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார்.

தங்கை திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, கை வலிக்குது.”

“நம்புகிறேன்” என்றேன்.

சாமியார் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீரிட்டது. பிறகு மெழுகுதிரியை என் கையில் கொடுத்தார்கள். அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மதியம் மண்டபத்தில் கூட்டம் குறைந்தபின் தங்கை என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்காகத்தான் சொன்னியா?”

“தெரியலை.”

“சாமிக்குச் சொன்னியா?”

“அதுவும் தெரியலை.”

“தெரியலேன்னாப் பரவாயில்ல. பொய்யின்னாச் சொல்லிரு. எம்பிள்ளைக்குப் பொய்யி வேணாம். இன்னொரு தடவ பேசிக்கிருவோம்.”

நான் அவசரப்படாமல் யோசித்தேன். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“பொய்யில்லை” என்றேன்.

அவள் முகம் தெளிந்து, குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் சொன்னது சரிதான், அது பொய்யில்லை. அது எப்படிப் பொய்யாகாமல் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.