கழுநீர்த் தொட்டியில் விட்டுவந்த யூரியா தண்ணீர்

வைக்கோலைச் சத்தாக்க யூரியா தெளிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தொண்ணூற்று மூன்றாம் வருடம், தை அறுப்பு முடிந்த சமயம். திருமழிசையில் என் தங்கை கஸ்தூரியின் ஒரே பசு சினையாக இருந்தது. வெறும் வைக்கோலைத் தின்று விலா எலும்பு தெரிந்தது. அந்தப் பாலை நம்பித்தான் அவள் குடும்பம். நான் படித்தது ஆறாம் வகுப்புவரைதான். ஆனாலும் சென்னைப் பாடியில் எங்கள் தொழிற்சாலையில் நான் லேத் பிடித்தால் இன்ஜினியர்களே எழுந்து நிற்பார்கள். எனக்கு இதென்ன பெரிய வித்தை என்று போனேன்.

நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அறுபத்தைந்து லிட்டர் தண்ணீர். கரைக்க டிரம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவைக்கும் கழுநீர்த் தொட்டியிலேயே கரைத்தேன். தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் மூடிவிட்டுப் பதினொன்றரைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சாப்பிட்டு, இரண்டேகாலுக்குப் பாடி முனையில் டீ. கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஒரு மாட்டின் முன் வைத்தார். ஒரே உறிஞ்சலில் காலி. டீயைப் பெஞ்சில் வைத்தேன். அங்கே தொட்டியின் அடியில் அரைக் குடம் யூரியா தண்ணீரை அப்படியே விட்டிருந்தேன். குடித்தால் மாடு வயிறு உப்பி விழுந்துவிடும். கஸ்தூரி தண்ணீர் காட்டுவது மூன்று மணிக்கு. அவள் தெருவில் போன் கிடையாது.

"திருமழிசையா? திரும்ப சவாரி கெடைக்காது நைனா. எண்பது ரூபா குடு," என்றார் ஆட்டோக்காரர்.

"குடுக்கறேன். மூணுக்குள்ள போவணும்."

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"மாட்டுக்கு."

"மாட்டுக்கா இப்டி மூஞ்சி வெளுத்துகினு கீறே?"

இருபது கிலோமீட்டரில் மூன்று சக்கரமும் தரையில் பட்டது மொத்தம் நாலு தடவைதான். யூரியா விஷத்துக்கு முறிவாகக் கொடுப்பார்களே என்று பூந்தமல்லியில் இரண்டு பாட்டில் வினிகர் வாங்கினேன். மூடியைத் திருகித் தயாராக வைத்துக்கொண்டேன்.

மூன்று பத்து. தொட்டி காலி. பசு படுத்திருந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, இப்பத்தானே போனே?"

"தொட்டித் தண்ணி... குடிச்சிடுச்சா?"

"அதுவா? நீ கை வெச்ச தொட்டியாச்சேன்னு அப்பவே குப்பைமேட்டாண்ட ஊத்திட்டேன். மூணு வாட்டி கழுவினேன்."

அப்போதுதான் கவனித்தேன், பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தோரு நாள் கழித்துப் பிரித்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போட்டோம். தின்றது. கன்றும் நல்லபடி பிறந்தது. யூரியா கரைக்கத் தனி டிரம் வையுங்கள்; மீந்ததை மாடு எட்டாத இடத்தில் கொட்டுங்கள்; ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு அந்த வைக்கோல் வேண்டாம். இன்றும் அவள் வீட்டில் நான் தொட்ட பாத்திரத்தை மூன்று முறை கழுவுகிறாள். தண்ணீர் மொண்டு ஊற்றுவது நான்தான்.