என்னயப் பாத்த சாமி

போதகரம்மாவை நினைத்தாலே, தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து என் மேசைக்கு முன்னால் நின்றபடி அவர் தன் காலண்டரின் புரூஃப் தாளை வாசித்த அந்தக் காலை கண்முன் வந்துவிடும். அதன் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். "ஐயோ, எம்புட்டு அழகா வந்திருக்கு!" என்று தாளிடமே சொல்லிக்கொண்டார். சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகரின் மனைவி அவர். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஊருக்கே போதகரம்மா, எனக்கும் அப்படித்தான்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. காலண்டர் சீசன் வந்தால் முருகன், லட்சுமி, மாதா எல்லோரும் என் திரையில் வந்து போவார்கள். எழுத்து நேராக இருக்கிறதா, வண்ணம் சரியா என்பதற்கு மேல் நான் எதையும் யோசித்தவள் இல்லை. போதகரம்மா கொண்டுவந்த ஆர்டரில் படமே கிடையாது. மாதம் ஒரு தாள், தாளுக்குக் கடவுளின் ஒரு பெயர். யேகோவாயீரே, யேகோவா ஷாலோம், இம்மானுவேல் என்று போகும். கீழே தமிழில் பொருள்: பார்த்துக்கொள்கிறவர், சமாதானம் தருகிறவர், நம்மோடு இருக்கிறவர்.

"ஒரு சாமிக்கு இத்தன பேரா?" என்று கேட்டேன்.

"அவங்கவங்க பட்ட பாட்டுல அவர எப்படிக் கண்டாங்களோ, அப்படி ஒரு பேருக்கா. இந்தா, இந்தப் பேர யாரு வச்சதுன்னு நெனைக்கிறீங்க? ஒரு வேலைக்காரி!"

அவர் விரல் வைத்த இடத்தில் 'என்னைக் காண்கிற தேவன்' என்று இருந்தது. எஜமானியின் கொடுமை தாங்காமல், வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப்பெண் ஆகாரைப் பற்றிச் சொன்னார். யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடாத அவளை, நீரூற்றுக்குப் பக்கத்தில் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். பதிலுக்கு அவள் கடவுளுக்கே ஒரு பெயர் வைத்தாளாம். "ராசா இல்லக்கா, குரு இல்ல. ஒரு அடிமை வச்ச பேரு!" என்று அவர் துள்ளிய வேகத்தில் தலைக்கவசத்தின் கண்ணாடி படக்கென்று மூடிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு அம்மாவின் நினைப்பு வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவளுக்கு வேலை. "வெடிச்சுச் செத்துப்போறவங்கள மட்டும் அந்தச் சாமி பாக்காதா?" என்று கேட்டேன், கொஞ்சம் காரமாகவே.

அவர் முகம் மாறியது. "தெரியலக்கா. நெசமாவே தெரியல. பேரு ஒண்ணும் மந்திரமில்ல, சொன்ன ஒடனே நடந்துர. பிள்ளைங்க அம்மான்னு கூப்பிடுது பாருங்க, அது மாதிரிதான். கூப்பிடாம இருக்க முடியல."

நான் பதில் சொல்லும் முன் மெஷின்காரர் ஓடிவந்தார். ஏழாயிரம்பண்ணையில் வெடி விபத்து என்றார். அவர் சொன்னது அம்மா வேலை பார்க்கும் ஆலையின் பெயர். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அம்மாவிடம் பேச வழியில்லை. போதகரம்மா தன் தலைக்கவசத்தைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "ஏறுங்கக்கா" என்றார்.

வழியெல்லாம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வண்டியை விரட்டினார். பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. அவர் தோளை இறுகப் பிடித்திருந்த எனக்கு 'அம்மா' என்ற ஒரே ஒரு பெயர்தான் வாயில் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலையில் ஒரு அறையின் கூரையே இல்லை. புகை, தீயணைப்பு வண்டி, கூட்டம். டீ குடிக்க எல்லோரும் வெளியே வந்திருந்த நேரம் என்றார் போர்மேன். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே, "ஆனா ஒங்கம்மாவ நான் பாக்கலயேம்மா" என்றார்.

ஆலைக்குப் பின்னால் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடினோம். நான் "அம்மா" என்று கத்தினேன். போதகரம்மா அவர் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார். ஓடைக்கரையில் ஒரு கை உயர்ந்தது. அலுமினிய மருந்துத்தூள் படிந்து முகமெல்லாம் வெள்ளியாக, ஒற்றைச் செருப்போடு, கால் பிசகி அம்மா உட்கார்ந்திருந்தாள். "நீ இங்கன என்னத்துக்குடி வந்த?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

நாங்கள் கூப்பிட்டது கேட்டதா என்று அவள் காதோடு வாய் வைத்துக் கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கலடி! காது அடைச்சுக் கெடக்கு. எல்லாரும் அங்கிட்டு ஓடிட்டாக. என்னய ஒருத்தரும் பாக்கலன்னு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். அந்நேரம் நீ வர்ற! என்னயப் பாத்த சாமிதான் ஒன்னயக் கூட்டியாந்திருக்கு."

காலண்டரைப் பற்றி அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. போதகரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முள்ளுக்குள்ளேயே துள்ளிக் குதித்தார். "அக்கா! அம்மா அதே பேர வச்சுட்டாங்கக்கா!" என்றவர் சிரித்தார், அழுதார், அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவர் சேலை முழுக்க வெள்ளி ஒட்டிக்கொண்டது.

அன்று யாரும் சாகவில்லை. எல்லா விபத்தும் அப்படி முடிவதில்லை என்பது எனக்குத் தெரியும். என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகச் சுமப்பதாக இப்போது தோன்றுவதில்லை. போதகரம்மா எங்களைத் தன் சபைக்கு வாங்க என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிறகு மாற்றலாகித் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். அம்மா வழக்கம்போல மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். இப்போது வேலை தீப்பெட்டிக் கம்பெனியில். காலையில் வேன் ஏறும்போது, "என்னயப் பாத்த சாமி, எல்லாரையும் பாத்துக்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். எந்தச் சாமி என்று யாரும் கேட்டதில்லை.

போன வாரம் அவளை வழியனுப்பப் போயிருந்தேன். அம்மா படியில் கால் வைத்து வாயைத் திறப்பதற்குள், அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து அதைச் சத்தமாகச் சொன்னார்கள். வண்டி நகர்ந்ததும் நடுரோட்டில் நின்றபடியே போதகரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷத்தில் அவர் போட்ட கூச்சலில் கொஞ்ச நேரம் எனக்கும் காது அடைத்துவிட்டது.