சிவப்பு நூல் காஜா

முத்துப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஜஸீலாவின் வலது காதுக்குப் பின்னால், எலும்பில் முடுக்கிய திருகு ஒன்று தோலைத் தாண்டி வெளியே நிற்கும். காது மெஷினை அதில்தான் மாட்டுவாள். பன்னிரண்டு வருஷத்துப் பழசு. தினமும் சுத்தம் செய்யாவிட்டால் சீழ் வைத்துவிடும். போன வருஷம் இடது பக்கம் வைத்தது புது மாதிரி. தோலுக்கு அடியில் எலும்பில் பதித்த காந்தம், மெஷினை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குனிந்து துணி வெட்டும்போது சில நாள் மெஷின் கழன்று விழுவதுண்டு. ஆனால் சீழ் என்ற பேச்சே இல்லை. முக்காடு உரசினால் மட்டும் இரண்டிலுமே கரகரவென்று இரையும். விடுவாளா? பொத்தானுக்கு எடுப்பதுபோல முக்காட்டிலேயே இரண்டு காஜா எடுத்து, மெஷின்களை வெளியே விட்டுவிட்டாள்.

தன் மகளுக்கும் இதே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதால், மீன் விற்கும் கனகா விசாரிக்க வந்தாள்.

"அக்கா, ரெண்டுல எது வெளியில தெரியாது?"

ஜஸீலாவுக்குச் சுருக்கென்றது. "எதுல நல்லா கேக்கும்னு கேளு. எனக்குத் திருகுலதான் சத்தம் கணீர்னு வருது. தெனம் சுத்தம் பண்ண முடியாதுன்னா காந்தம் வச்சுக்க. மறைக்கணும்னா ரெண்டுமே வேணாம்."

கனகாவின் பார்வை காஜாவில் நின்றது. "கறுப்புத் துணியில எதுக்குக்கா செவப்பு நூலு?"

"தூரத்துலேருந்தே தெரியணும்ல!"