ஈயம் போன அண்டா

நர்சிங் படிக்கிற என் மகள் போன மாதம் எனக்கு ஒரு செம்பு பாட்டில் வாங்கி வந்தாள். கூடவே வந்த தாளை வாசித்துக் காட்டினாள். தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். எலுமிச்சைச் சாறோ மோரோ கூடாது. உடம்புக்குச் செம்பு வேண்டும்தான், அது இருந்தால்தான் நாம் சாப்பிடுகிற இரும்புச்சத்து ரத்தத்துக்கு உதவும், ஆனால் துளியூண்டு போதும், புளிப்பு பட்டால் அளவுக்கு மேல் கரைந்து வாந்தி வரும் என்று அவளே விளக்கவும் செய்தாள். சரிம்மா என்றேன். என் அத்தை, அப்பாவின் அக்கா, நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் திருவிழாவன்று காலைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மொண்டு கொடுப்பது அத்தை. சொட்டுக்கூடச் சிந்தமாட்டாள் என்று ஊரே சொல்லும். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அத்தை தினமும் செம்புக் குடத்துத் தண்ணீரைத்தான் குடிப்பாள். உடம்புக்கு நல்லது என்பாள். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துச் சிவக்க வைத்திருப்பாள். மோர் அண்டாவும் செம்புதான். ஆனால் அதன் உள்பக்கம் மட்டும் வெளுத்து மங்கிக் கிடக்கும். அத்தைக்குக் கை எட்டவில்லை போலும் என்று நினைத்தேன். திருவிழாவுக்கு முதல் நாள், வீட்டில் ஆள் இல்லாத நேரம், அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்து, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். மோர் செம்பில் படாமலிருக்கப் பூசிய பழைய ஈயப்பூச்சு அது, உரிந்து வந்தது. சாயங்காலத்துக்குள் பாதி அண்டா சிவந்துவிட்டது. நாளைக்கு மோர் குடிக்கிற எல்லோருக்கும் உடம்பு தேறிவிடும் என்று எனக்குள் சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன்னே அம்மா அவசரத்தில் மோரை ஊற்றி மூடிவிட்டாள். அண்டா வாசலில் மூன்று கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பூசை முடிகிற நேரம், அத்தை மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உடனே துப்பினாள். மோர் விளிம்பில் பச்சையாக ஒரு கோடு. குனிந்து அண்டாவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தவளின் பார்வை, தம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த என் விரல்களில் வந்து நின்றது. நகக்கண்ணில் செங்கல் நிறம் இன்னும் போகவில்லை.

அடுத்த நொடி அண்டா கவிழ்ந்து, மோர் தெருவில் ஓடியது. அத்தை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சித்தப்பா ஓடி வந்தார். "என்னக்கா இது, ஊரே வருது. கண்ணு எங்கன இருந்துச்சு ஒனக்கு?"

"கால் தடுக்கிருச்சுப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏய்யா, நீ போயி கையக் கழுவிட்டு வா" என்றாள்.

வந்தவர்களுக்குச் செம்புக் குடத்துத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். இந்த வருசம் பச்சைத் தண்ணிதானா என்று கேட்டுவிட்டுக் குடித்துப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம், நெளிவு எடுக்க வேண்டும் என்று சொல்லி அண்டாவைப் பக்கத்திலிருக்கும் கம்பம் ஊருக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது உள்பக்கம் பழையபடி வெள்ளையாக இருந்தது. அடுத்த திருவிழாவில் மோர் மொள்ளும் கரண்டி சித்தி கைக்குப் போனது. அத்தை தம்ளர் கழுவினாள். வீட்டில் எந்த விருந்தென்றாலும் அம்மா தொடங்கிவிடுவாள்: "ஏலே, சட்டியத் தள்ளி வைங்க, மதினி வாராக." வீடே சிரிக்கும். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த அண்டாவை, ஒருவர்கூடப் பார்ப்பதற்குள் கவிழ்த்துவிட்டாளே என்று அவள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.