இரவல் சுனில்

எங்கள் ஜெர்மன் அணியில் லியோ என்று ஒருவரும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுதும் பிடித்தது. ஞாயிறு காலைகளில் எங்கள் சிற்றூரின் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் மைதானத்தில் இறங்குவோம். அணிக்கு 'ஆல்ட்டே ஹேரன்' என்று பெயர், வயதான கனவான்கள் என்று அர்த்தம். முதல் காலடியோடு கனவான்தனம் போய்விடும், வயது மட்டும் மிஞ்சும். பந்து உயரே எழும்பினால் யாராவது ஒருவர் "லியோ!" என்று கத்துவார். உடனே மற்றவர்கள் விலகி நிற்பார்கள். நானும் மரியாதையாக விலகி, அந்த லியோ வருவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கோல்காப்பாளர் யூர்கனிடம் கேட்டேன். அவர் ரொட்டிக்கடைக்காரர், பேச்சையும் மாவைப்போல அளந்துதான் எடுப்பார். லியோ யாருமில்லை என்றார். பந்து தனக்கு வேண்டும் என்கிறவன் அப்படிக் கத்துவானாம். தன் பெயரையே சொல்லிக் கத்தினால் என்ன என்றேன். லியோ என்றால் எல்லாருக்கும் விளங்குமே, பிறகு எதற்குப் பெயர் என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜெர்மனியின் உதைபந்தாட்டத்தையே நான் கேலி செய்வதாக நினைத்து, யூர்கன் கொஞ்ச நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அவரிடம் எப்படிச் சொல்வேன், நானே ஒரு போட்டிப் பருவம் முழுக்க இல்லாத ஆளாக விளையாடியவன் என்று? கண்டி மகியாவையில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா கறுப்பையாவுக்கு மாநகரசபையில் வேலை. எனக்கு எங்கள் கழகத்தின் வலது விங்கில் ஓடுகிற வேலை, சம்பளம் மட்டும் கிடையாது. கழகத்தில் சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லாரும் இருந்தோம். மைதானத்தில் நாங்கள் கத்திய பாஷையைக் கொத்துரொட்டி என்றுதான் சொல்ல வேண்டும், எது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. கப்டனும் கோல்காப்பாளரும் ஒருவரே, ஃபலீல் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வத்தேகமவில் சில்லறைக் கடை வைத்திருந்தார். அவர் பந்தை எறிவதற்கு முன்பே "செல்வம்!" என்பார். அந்தக் குரலின் நீளத்தை வைத்தே பந்து எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே ஓடுவேன்.

பிறகு எண்பத்து மூன்று ஆடி மாதம் வந்தது. கண்டி டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்களுக்குச் சப்பாத்தும் ஜெர்சியும் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கடைகள்தான். கழகம் படுத்துவிட்டது, போட்டி எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கழகமொன்று வலது விங்குக்கு ஆள் தேடியது. ஒரு பருவத்துக்கு என்னை இரவல் கொடுத்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் ஏணி இரவல் கொடுப்பார்கள், அம்மி இரவல் கொடுப்பார்கள், ஆளை இரவல் கொடுத்து அன்றுதான் பார்த்தேன். கொழும்பில் இருந்த தமிழரெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிற நேரத்தில் தன் மகன் மட்டும் உள்ளே ஓடுகிறான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வயது இருபது, பந்து என்றால் பைத்தியம், போய்விட்டேன்.

கொழும்புக் கழக மனேஜர் நல்ல மனிதர், அதுதான் பிரச்சினையே. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, பதிவு அட்டையில் இருக்கிற பெயர் தன் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கட்டும், மைதானத்தில் உன் பெயர் சுனில் என்றார். ஆர்மி அணியோடும் பொலிஸ் அணியோடும் விளையாட வேண்டிவரும், சனம் எந்த நேரம் எப்படி மாறும் என்று தெரியாது, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றார். கண்டி டவுன் பையன், எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மனேஜரையும் கப்டனையும் தவிர ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். சுனில் என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. வேண்டுமென்று இல்லை, அது என் பெயர் இல்லையே! பின்னாலிருந்து "சுனில்! சுனில்!" என்று கத்துவார்கள், நான் பாட்டுக்கு ஓடுவேன், பந்து என்னைத் தாண்டி வெளியே போகும். பதில் குரல் கொடுக்கவும் பயம், அவசரத்தில் வாயில் தமிழ் வந்துவிட்டால் என்ன செய்வது? வாயை இறுக மூடிக்கொண்டே விளையாடினேன். அந்தப் பருவம் முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை. சனம் எனக்கு 'பிஹிரா' என்று பட்டம் வைத்தது, செவிடன் என்று.

என் அறைத்தோழன் நிஹால் அதை அப்படியே நம்பிவிட்டான். இடது பின்காப்பு ஆட்டக்காரன், சொந்த இடம் கலகெதர. நல்ல உயரம், அதைவிட நல்ல மனசு. சுனிலுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று ஊருக்குப் போய்த் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா வெள்ளைப்பூண்டு போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஒரு போத்தலில் கொடுத்தனுப்பினார். என்னைக் கட்டிலில் சரித்துப் படுக்கவைத்து நிஹாலே காதில் விடுவான். காது நன்றாகத்தான் கேட்கிறது, பெயர்தான் பொய் என்று எப்படிச் சொல்வது? பூண்டு வாசனையோடு கிடந்து, கேட்காத மாதிரி "ஆ?" என்பேன். அவன் இன்னும் ரெண்டு சொட்டு விடுவான். அதோடு விட்டானா? நடக்கிற இடமெல்லாம் பின்னாலிருந்து திடீரென்று "சுனில்!" என்று கூப்பிட்டுப் பழக்கினான். பருவம் முடிகிற சமயத்தில்தான் அந்தப் பெயருக்கு என் கழுத்து தானாகவே திரும்பத் தொடங்கியது. நிஹாலுக்கு அப்படி ஒரு சந்தோஷம், எல்லாம் அம்மாவின் எண்ணெய் செய்த வேலை என்றான். எனக்கு அழுகை வந்தது.

இப்போது இங்கே எனக்கு வேறு கூத்து. ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். உங்களில் பலருக்கும் இதே கதைதான் நடந்திருக்கும். அன்றிலிருந்து டொக்டர், தபால்காரர், பக்கத்து வீட்டு அம்மா எல்லாருக்கும் நான் கறுப்பையா. அது அப்பாவின் பெயர் என்று யூர்கனிடம் விளக்கிச் சொன்னேன். ஆமாம், எனக்கும் என் அப்பாவின் பெயர்தான் என்று தலையாட்டினார். எங்கே போய் முட்டிக்கொள்வது? மைதானத்தில் "கறுப்பையா, இங்கே!" என்று வெள்ளைக்காரர்கள் கத்துகிறார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடத் தொட்டிராத என் அப்பா, செத்த பிறகு ஐரோப்பாவில் வலது விங்கில் விளையாடுகிறார். ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே உள்ள நம் ஆட்களுக்கு இது சிரிப்பாகவும் இல்லை, செய்தியாகவும் இல்லை.

கொழும்பிலிருந்து கண்டிக்குத் திரும்பியபோது கழகம் மெல்ல எழும்பியிருந்தது. வீட்டுக்கு வந்தாயிற்று, இனி பழைய ஆட்டம் தானாக வரும் என்று நினைத்தேன். வந்தால்தானே! இப்போது செல்வம் என்றால் கழுத்து திரும்பவில்லை. ஃபலீல் நானாவின் குரல் காதில் விழும், அது யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். ஊமையாக ஓடி, ஊமையாகப் பந்தைத் தொலைத்துவிட்டு வந்தேன். கொழும்பில் என்னடா நடந்தது என்று நானா கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் என்னை வெளியே உட்காரவைத்தார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கண்டி பஸ் ஸ்டாண்டில் பொலிஸ்காரர்கள் அடையாள அட்டையை வாங்கித் தமிழ்ப் பெயரைப் பார்ப்பார்கள், முகம் மாறும். யாராவது ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்து "அட, இது நம்ம விங்கர்" என்று சிரிப்பார், விட்டுவிடுவார்கள். என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களை அப்படி விடவில்லை. ஆட்டம் இருக்கிறவரைக்கும் நான் விங்கர், ஆட்டம் போனால் நானும் ஒரு சந்தேக நபர். திரும்ப ஓட முடியுமா என்ற கேள்விக்குள்தான் என் உயிர் இருந்தது.

அப்போதுதான் கிண்ணப் போட்டிக்காக அந்தக் கொழும்புக் கழகமே கண்டிக்கு வந்தது. எனக்குப் பதிலாக விளையாடிக்கொண்டிருந்த பையனுக்குச் சவூதி விசா கிடைத்து அவன் பெட்டி கட்டிவிட்டான். வேறு ஆளில்லாமல் நானா என்னை இறக்கினார். போகம்பறை மைதானம் நிறைந்திருந்தது. கைகொடுக்க வந்த நிஹால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காது எப்படி, எண்ணெய் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டான். அவன் இடது பின்காப்பு, நான் வலது விங். ஆட்டம் முழுக்க அவன்தான் என்னை மறிக்க வேண்டியவன். மறிப்பதற்கு அவனுக்குக் காலே தேவைப்படவில்லை. எங்கள் பாதியில் பந்தோடு நான் திரும்புகிறேன், முதுகுப்பக்கம் குரல் கேட்டது: "சுனில், மெஹாட்ட!" இந்தப் பக்கம் தா என்று அர்த்தம். ஒரு பருவம் முழுக்கப் பழக்கிய கழுத்து அல்லவா? திரும்பிப் பார்த்து, அவன் காலுக்கே அளவாகப் பந்தைக் கொடுத்தேன். அந்த வருடத்தில் நான் கொடுத்த ஒரே நல்ல பாஸ் அதுதான். நிஹால் அதை முன்னால் அனுப்பினான், கோல். என் பரம்பரையையே சனம் மூன்று பாஷையில் விசாரித்தது.

இடைவேளையில் நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். லாச்சிக்குள் போன பெயர், செவிடன் பட்டம், பூண்டு எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் கூப்பிடட்டும்டா" என்றார். "தலய அவனுக்குக் குடு. கால எனக்கு வெச்சிரு."

இரண்டாம் பாதியில் நிஹால் மறுபடியும் கூப்பிட்டான். கழுத்து திரும்பியது, தோளும் சேர்ந்து திரும்பியது. பந்து வரப்போகிறது என்று அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். நான் பந்தைக் கோட்டோரமாகத் தட்டிவிட்டு ஓடினேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த ஓட்டத்தில்தான் என் வாய் திறந்தது. "வாங்கடா, உள்ள வாங்க!" என்று அடித்தொண்டையில் தமிழில் கத்திக்கொண்டே பந்தை நடுவில் போட்டேன், எங்கள் ஆள் தலையால் முட்டினான், கோல். அதன்பிறகு வாய் மூடவில்லை. எனக்கு, இங்க, விடு, தள்ளு என்று ஒரு வருடம் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் கக்கினேன். நிஹால் பாவம், பழக்கதோஷத்தில் இன்னொரு தடவையும் சுனில் என்றான். தலையை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு இந்தப் பக்கத்தால் நுழைந்து நானே அடித்தேன். அடடா, அந்தப் பந்து வலையில் மோதிய சத்தம்! போகம்பறை முழுதும் எழும்பி நின்று "செல்வம்! செல்வம்!" என்றது, சிங்களச் சனமும் சேர்ந்துதான். வாசலில் துவக்கோடு ஆர்மிக்காரர் நிற்கிற காலம். இவ்வளவு சத்தமாக என் பெயரைச் சொல்லலாமா என்று நெஞ்சு படபடத்தது, சொல்லட்டும் சொல்லட்டும் என்று துள்ளவும் செய்தது. நிஹால் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சனத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றான்.

விசில் ஊதியது, இரண்டுக்கு ஒன்று. ஃபலீல் நானா ஓடிவந்து என்னைத் தூக்கினார். தூக்கினார் என்பதும் பாதி உண்மைதான். என் வலது தொடை அவர் தோளில் இருந்தது, இடது கால் அந்தரத்தில் தொங்கியது. அந்தக் கோலத்தில் இருக்கும்போது நிஹால் வந்து, அண்ணாந்து பார்த்து, என் பெயர் செல்வமா என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன்.

"அப்ப என்னோட ஒரே ரூம்ல இருந்தது யாரு?"

மனேஜர் சொன்ன காரணங்களெல்லாம் வாய்வரை வந்தன. ஒன்றுகூட அந்த முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

"நான்தான் மச்சான்" என்றேன்.

அந்த அறையிலேயே எனக்கு மனப்பாடமான ஒரு கெட்ட வார்த்தையால் அவன் என்னை ஏசினான், ஏசும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. பிறகு குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த என் இடது காலுக்குக் கீழே தோளைக் கொடுத்து நிமிர்ந்தான். நானா "செல்வம்! செல்வம்!" என்று எங்கள் அறைப்பக்கம் நடந்தார். நிஹால் "சுனில்! சுனில்!" என்று கொழும்பு பஸ் நின்ற பக்கம் நடந்தான். இறக்கிவிடுங்கள், கிழிந்துவிடுவேன் என்று ஒருவரிடம் தமிழிலும் மற்றவரிடம் சிங்களத்திலும் கெஞ்சினேன். இரண்டு பேருமே சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள்.