மூன்றாவது வரிசையில் என் மனைவி

புரட்சி முடிந்த கையோடு ரஷ்யாவில் சில வருடங்கள் நாடகத்தையே கழற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முன்திரை கிடையாது. விளக்குப் போடுகிறவரும் மேடையிலேயே நிற்பார். நடிப்பவர் பாதியில் வேஷத்தை விட்டு வெளியே வந்து பார்வையாளர்களிடம் பேசுவார். நாடகத்துக்குள் இன்னொரு நாடகத்தின் ஒத்திகை நடக்கும். அதிகாரி ஒருவர் வந்து முடிவை மாற்றச் சொல்வார். ஆவடி தொழிற்சாலையில் பகலெல்லாம் இன்ஜின் கழற்றுகிற எனக்கு இது பிடித்துப்போனது.

அப்போது எங்கள் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சாப்பாடு, காஸ், தண்ணீர் மோட்டார் தவிர நானும் மனைவியும் எதுவும் பேசுவதில்லை. நான் அழவில்லை. அழுகை வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. செல்போனில் ரஷ்ய நாடகங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நாடகக் குழுவுக்கு அதே பாணியில் ஒன்று எழுதினேன்.

அதில் எனக்கு இயக்குநர் வேஷம். ஒத்திகைக் காட்சியின் நடுவே பார்வையாளர் ஒருவர் எழுந்து, நாடகத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டும். அங்கேதான் சிக்கல். குவார்ட்டர்ஸில் யார் யார் நடிப்பார்கள் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். எங்களில் ஒருவன் எழுந்தால், வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பார்கள்.

"உன் ஊட்டுக்காரம்மாவ எழுப்பி உடு மாமே. அவங்க வாயத் தொறந்தே யாரும் பாத்ததில்ல," என்றான் விளக்குப் போடும் நண்பன்.

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சரி என்றாள். இந்தச் சாக்கிலாவது பேசுவாளே என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. அவளுடைய இடம் வந்ததும் மூன்றாவது வரிசையில் எழுந்து, "நிறுத்துங்க," என்றாள். அவள் பேசியதில் அதுவரைதான் நான் எழுதியது.

"புள்ளைய கடைசியா என் கையில குடுத்தப்போ நீங்க ஏன் உள்ள வரல? கதவுக்கு வெளியதான நின்னீங்க?"

எங்கள் குழந்தையைப் பற்றி அங்கே தெரியாதவர்கள் கிடையாது. பதிலும் எனக்குத் தெரியும். பயந்துபோய் வெளியே நின்றேன், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி நாடகத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"உட்காருங்கம்மா. நாடகம் இன்னும் முடியல," என்றேன். தாளில் இருந்த வசனம் அது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் பலமாக இருந்தது. மீதி நாடகத்தை ஒரு வரிகூட மறக்காமல் நடித்து முடித்தேன்.

வெளியே டீ கொடுத்தார்கள். நண்பன் என் தோளில் தட்டினான்.

"சொந்தக் கதையவே உள்ள வெச்சிக்கீறியே மாமே! அந்த டயலாக்கு நீ எழுதினதா?"

இரண்டடி தள்ளி அவள் டீயை ஆற்றிக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நான்தான் எழுதினேன்," என்றேன். அவளுக்கும் கேட்டது.